கொஞ்சம் பாத்துக்கிடுங்க

ஜெபக்கனியின் வார்டில் ஒரு வார்த்தை காணாமல் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. பொருள் காணாமல் போனால் போலீசுக்குப் போகலாம். வார்த்தை காணாமல் போனால் யாரிடம் போய்ச் சொல்ல? அதுவும் அது காணோம் என்பதே ஒருத்தருக்கும் தெரியாதபோது.

பெரிய வார்த்தை ஒன்றுமில்லை. "கொஞ்சம் பாத்துக்கிடுங்க." அவ்வளவுதான். ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்த ஷிப்ட் நர்ஸ் வந்ததும், இருக்கிறவள் நோயாளிகளை ஒவ்வொருவராகச் சொல்லி ஒப்படைப்பாள். அதற்கு ஓவர் கொடுப்பது என்று பெயர். காய்ச்சல் இவ்வளவு, ஆக்சிஜன் இவ்வளவு, ஊசி போட்டாச்சு, கஞ்சி குடிச்சாச்சு, எல்லாம் ரிஜிஸ்டரிலேயே இருக்கும். அதெல்லாம் முடிந்து, பேனாவை மூடிக் கிளம்புகிற நேரத்தில், போகிறவள் குரலைத் தாழ்த்தி ஏதாவது ஒரு கட்டிலைக் கண்ணால் காட்டுவாள். "அந்த ஒம்பதை மட்டும் கொஞ்சம் பாத்துக்கிடுங்க." ஏன் என்று வந்தவள் கேட்கமாட்டாள். கேட்டாலும் பதில் இருக்காது. ஒன்பதாம் கட்டில்காரருக்கு எல்லா அளவும் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் வந்தவள் அன்றைக்குக் கை கழுவப் போனாலும் ஒன்பதாம் கட்டில் வழியாகத்தான் போவாள்.

சாதாரண வார்டில் இது ஒரு பேச்சு வழக்கு. இழுப்புக் காய்ச்சல் வார்டில் இது ஓர் உயிர்.

அந்தக் காய்ச்சலுக்கு வடக்கே எழுத்தும் எண்ணும் கலந்து ஏதோ பெயர் வைத்திருந்தார்கள். தூத்துக்குடிப் பக்கத்தில் இழுப்பு என்றால்தான் தெரியும். வந்து மூன்றாவது வருடம். ஊரில் இருந்த ஆஸ்பத்திரிகள் போதாமல், உப்பளத்தை ஒட்டிக் கிடந்த ஒரு பழைய உப்புக் கிடங்கில் அறுபத்திரண்டு கட்டில் போட்டு வார்டு ஆக்கியிருந்தார்கள். எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் சுவரில் உப்புப் பூத்துவிடும். அந்த வார்டுக்கு இன்சார்ஜ் சிஸ்டர் ஜெபக்கனி.

நோய்க்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. ஆள் நன்றாக உட்கார்ந்து டீ குடிப்பார், மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசுவார், விரலில் மாட்டிய கருவி தொண்ணூற்றாறு என்று காட்டும். அரை மணி நேரத்தில் எல்லாம் சரிந்துவிடும். சரிய ஆரம்பித்த பிறகுதான் கருவி கத்தும். அதற்குப் பத்து நிமிடம் முன்னால் யாராவது போய் ஆளைக் குப்புறப் படுக்கவைத்து, அழுத்தக் காற்று மாஸ்க்கை மாட்டினால் பிழைப்பார். கருவி கத்திய பிறகு போனால் பெரும்பாலும் பிழைக்கமாட்டார். அந்தப் பத்து நிமிடத்தைத் தருவதற்கு உலகத்தில் கருவி கிடையாது. நர்சுகளிடம்தான் இருந்தது.

முதல் வருடம் ஜெபக்கனியின் ஆட்களில் பதினொரு பேர் வேலையை விட்டுப் போனார்கள். ரெக்ஸ்லின் என்று ஒருத்தி, இருபத்தேழு வயது, நல்ல கைராசிக்காரி. ஒரே ஷிப்டில் நான்கு பேரைப் பறிகொடுத்துவிட்டு வெளியே வந்தவள், கிளவுஸைக் கழற்றமாட்டேன் என்றாள். அப்படியே பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போனாள், நான்கு நாள் அந்தக் கிளவுஸோடே இருந்தாள். அவள் தூங்கும்போது அம்மா கத்தரிக்கோல் வைத்து வெட்டி எடுத்தாள். அன்றிலிருந்து ரெக்ஸ்லின் வாயைத் திறக்கவில்லை. ஜெபக்கனி ஒரு தடவை பார்க்கப் போயிருந்தாள். இரண்டு கையையும் மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதாள்.

அதற்குப் பிறகுதான் துளி வந்தது. பணிநிறைவுத் துளி என்று காகிதத்தில் எழுதியிருந்தது. காகிதத்தில் எழுதியதை யார் கூப்பிடுகிறார்கள்? நர்சுகள் அதற்கு அலசல் என்று பெயர் வைத்தார்கள். ஷிப்ட் முடிந்து கவச உடையைக் கழற்றியதும் ஒரு சின்ன அறையில் உட்கார வேண்டும். எதிரே டேப் என்கிற தொடுதிரைப் பலகை. அதில் ஒரு பெண் குரல், "இன்றைக்கு என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று கேட்கும். நடந்ததை வாயால் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் மூக்குக்கு இரண்டு துளி. இருபது நிமிடம் சும்மா இருந்தால் போதும்.

அதைக் கொண்டு வந்தவர் டாக்டர் வேலாயுதம், மனநல டாக்டர், மதுரைக்காரர். நர்சுகளைக் கூட்டி வைத்து அவர் விளக்கியதை ஜெபக்கனி வரி பிசகாமல் நினைவு வைத்திருந்தாள். ஒரு நினைவை வெளியே எடுக்கும்போது அது ஈர மண் மாதிரி இளகியிருக்கும், அந்த நேரத்தில் துளி போட்டால் அதிலுள்ள வலி மட்டும் பிரிந்து போய்விடும், நடந்தது மறக்காது, நடந்தது வலிக்காது என்றார். சொல்லாததும் போய்விடுமா என்று ஒருத்தி கேட்டாள். சொன்னதுதான் போகும், ஆனால் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதால் பக்கத்தில் இருப்பதும் கொஞ்சம் போகலாம் என்றார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

பொய் சொல்லக்கூடாது, துளி வேலை செய்தது. ஜெபக்கனி இரண்டு வருடத்துக்குப் பிறகு விடிய விடியத் தூங்கினாள். ஓய்வறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பொரித்த மீனின் வாசனை பிடிக்காமல் கிடந்தவர்கள் எல்லாம் டிபன் பாக்ஸைத் திறந்து ஒருத்தி குழம்பை ஒருத்தி ஊற்றிக்கொண்டார்கள். ஒருத்திகூட வேலையை விட்டுப் போகவில்லை.

அதே வார்டு நர்ஸ் பேச்சியம்மாளுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. பேச்சியும் ஜெபக்கனியும் நர்சிங் படித்தபோது ஒரே ஹாஸ்டல் அறை. இருபத்தாறு வருடப் பழக்கம். பேச்சிக்குப் பெண்கள் எல்லாரும் 'ஏட்டி'தான், அந்த ஊர் 'அடியே'. பெரிய சூப்பரிண்டெண்டையே முதுகுக்குப் பின்னால் 'அந்த ஏட்டி' என்பாள். நான் இன்சார்ஜ் ஆகிவிட்டேன், ஆட்கள் முன்னாலாவது சிஸ்டர் என்று கூப்பிடு என்று ஜெபக்கனி கெஞ்சிப் பார்த்தாள். உன்னைச் சிஸ்டர்னு கூப்பிட்டால் என் நாக்கு அழுகிவிடும் என்று சொல்லிவிட்டாள் மகராசி. அந்தப் பழக்கம் ஜெபக்கனிக்கும் தொற்றி, அவளும் சின்ன நர்சுகளை எல்லாம் ஏட்டி போட்டுத்தான் கூப்பிட்டாள்.

முதல் நாள் அலசிவிட்டு வந்து பேச்சி சொன்னாள், "ஏட்டி கனி, நல்லாத்தான் இருக்கு. ஆனா அலசுன தண்ணியோட என்னையும் சேத்து ஊத்திட்டாவளோன்னு இருக்குட்டி."

பயத்தில் உளறுகிறாள் என்று ஜெபக்கனி சிரித்தாள்.

ஏழு மாதம் கழித்து ஒரு காலை நேரம், பழைய ரிஜிஸ்டரில் ஒரு நோயாளியின் விலாசத்தைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் ஜெபக்கனியின் கண்ணில் அந்தப் புள்ளிகள் பட்டன. அது அவளுடைய சொந்தப் பழக்கம். யாராவது ஒரு கட்டிலைக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க என்று சொன்னால், அந்தக் கட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள். சட்டப்படி ரிஜிஸ்டரில் அதற்கு இடமில்லை. அதனால்தான் பென்சில். பக்கத்துக்கு இரண்டு, மூன்று புள்ளி இருந்தது. புரட்டிக்கொண்டே வந்தாள். துளி வந்த மாதத்தில் பக்கத்துக்கு ஒன்றானது. அடுத்த மாதம் நான்கு பக்கத்துக்கு ஒன்று. பிறகு ஒன்றுமே இல்லை. ஐந்து மாதமாக ரிஜிஸ்டர் கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

சரிந்தவர்களின் பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். முதல் வருடத்தில் சரிந்தவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு முன்கூட்டியே புள்ளி இருந்தது. அந்த ஆறில் நாலு பேர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். இப்போது புள்ளியும் இல்லை, வீட்டுக்குப் போனவர்களும் குறைவு. நோய் முற்றிவிட்டது, கிருமி மாறிவிட்டது என்று மேலே இருந்து அறிக்கை விட்டிருந்தார்கள். எல்லாரும் நம்பினார்கள். அவளும்தான் நம்பினாள்.

சபீனாவை நினைத்துப் பார்த்தாள். இருபத்தைந்து வயதுப் பெண், காயல்பட்டினத்துக்காரி. முதல் வருடத்தில் ஒரு நாள் ஓவர் கொடுக்கும்போது, "இருபத்திரெண்டைக் கொஞ்சம் பாத்துக்கிடுங்கக்கா. எப்பவும் காலைத் தொங்கப்போட்டு ஆட்டிக்கிட்டே இருப்பாரு, இப்ப ஆட்டல" என்றாள். அது ஓர் ஆட்டோக்காரர். கால் மணி நேரத்தில் சரிந்தார், ஆள் தயாராக நின்றதால் பிழைத்தார். அந்தச் சபீனா இப்போது ஓவர் கொடுத்தால் ரேடியோவில் செய்தி வாசிப்பது போல இருக்கிறது. ஒரு எண் தப்பாது. ஒரு கட்டிலையும் கண்ணால் காட்டமாட்டாள்.

ஜெபக்கனி ரிஜிஸ்டரையும் பட்டியலையும் தூக்கிக்கொண்டு டாக்டர் வேலாயுதத்தின் அறைக்குப் போனாள். அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். புள்ளி இருந்த பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

"உள்ளுணர்வுன்னு தனியா ஒண்ணு கிடையாது சிஸ்டர்," என்றார். "முன்னாடி ஒருத்தர் உங்க கண்ணு முன்னாடி போனாரு. போறதுக்கு முன்னாடி ஏதோ சின்னதா ஒண்ணு மாறியிருக்கும். உங்களுக்கே தெரியாது. ஆனா அந்த அடி உள்ள பதிஞ்சிருக்கும். அடுத்தவர்ட்ட அதே மாதிரி வந்தா உறுத்தும். நாம எடுக்கறது அந்த அடியைத்தான்."

"அப்ப நிறுத்திருங்க டாக்டர்."

"நிறுத்துனா எத்தனை பேர் நாளைக்கு வருவாங்க?"

அவரே தொடர்ந்து சொன்னார். வேறொரு ஊரில் துளி வராமல் ஒரு வாரம் தடைப்பட்டதாம். நாற்பது நர்சில் பதினேழு பேர்தான் எட்டாம் நாள் டூட்டிக்கு வந்தார்கள். மற்றவர்களில் சிலர் இன்னும் பேசவில்லை என்றார். நர்ஸ் இல்லாத வார்டில் செத்தவர்களின் கணக்கையும் சொன்னார். அது புள்ளிக் கணக்கைவிடப் பெரிதாக இருந்தது. ஜெபக்கனிக்கு ரெக்ஸ்லினுடைய மலர்ந்த கைகள் ஞாபகம் வந்தன. ஞாபகம் வந்ததே ஒழிய ஒன்றும் செய்யவில்லை. அதையும் எப்போதோ டேப்பிடம் சொல்லி அலசியிருந்தாள். இதற்கு வழியே இல்லையா என்று கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, மேலே எழுதிப் பார்க்கிறேன் என்றார்.

எழுதினார். மேலே இருப்பவர்களைக் குறை சொல்லக்கூடாது, பதினைந்தே நாளில் பதில் வந்தது. டேப்பில் நிரப்புகிற ஓவர் படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருந்தார்கள். 'கொஞ்சம் பார்த்துக்கொள்ளவும்: ஆம் / இல்லை.' ஒவ்வொரு கட்டிலுக்கும் நிரப்பியே ஆக வேண்டும், நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. முதல் நாள் நர்சுகள் அறுபத்திரண்டு கட்டிலுக்கும் ஆம் போட்டார்கள். நாளைக்கு யாராவது கேட்டால் என்ன சொல்வது என்ற பயம். அடுத்த வாரமும் ஆம். ஜெபக்கனி ஒருத்தியைத் தனியாகக் கூப்பிட்டு, உனக்கு உறுத்துகிற கட்டிலுக்கு மட்டும் போடுட்டி என்றாள். அந்தப் பெண் நல்ல மனதோடு யோசித்துப் பார்த்துவிட்டு, மறுநாள் அறுபத்திரண்டுக்கும் இல்லை போட்டாள்.

அந்த மாதக் கடைசியில் பேச்சியம்மாளுக்கு இழுப்பு வந்தது.

முப்பத்தொன்றாம் கட்டில், ஜன்னலுக்குப் பக்கம். வெளியே உப்பளத்தின் வெள்ளை மேடுகள் தெரியும். நர்ஸ் நோயாளியானால் வார்டு என்ன பாடு படும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த ஊசியை இப்படிப் பிடிக்காதே, அந்த டியூபை ஏன் முறுக்கி வைத்திருக்கிறாய், இதென்ன கஞ்சியா கழுநீரா என்று படுத்துக்கொண்டே எல்லாரையும் ஆட்டி வைத்தாள். கணவன் இல்லை, ஒரே மகள் கோயம்புத்தூரில் பிரசவத்துக்குக் காத்திருந்தாள். மகளிடம் சொல்லக்கூடாது என்று ஜெபக்கனியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

பிறகு தலையணையிலிருந்து லேசாகத் தலையைத் தூக்கி, "ஏட்டி, ரிஜிஸ்டர்ல எனக்கும் ஒரு புள்ளி வச்சு விடு. உன் கட்டத்தை எல்லாம் நான் நம்பமாட்டேன்" என்றாள்.

புள்ளி வைப்பதற்கு உறுத்த வேண்டும். உறுத்துவதற்கு அலசக்கூடாது. அன்றைக்கு மத்தியானமே ஜெபக்கனி முடிவு செய்துவிட்டாள். துளிக் குழலை மூக்கில் வைத்து அழுத்தினால் டேப்பில் பச்சை விளக்கு எரியும். மூச்சை உள்ளே இழுக்காமல் பிடித்து வைத்திருந்து, கைக்குட்டையில் சிந்திவிட்டால் போயிற்று. இருபத்து மூன்று வருட சர்வீசில் அவள் செய்த முதல் திருட்டு அது.

இரண்டாம் நாளே வலி வந்துவிட்டது. நாற்பத்தொன்றாம் கட்டில்காரர் போனபோது, கட்டிலுக்குக் கீழே அவருடைய செருப்பு ஒன்று குப்புறக் கிடந்தது. அதை நிமிர்த்தி வைக்கக் குனிந்தவள் எழுந்திருக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் சோறு இறங்கவில்லை. சபீனாவை ஒன்றுமில்லாத விஷயத்துக்குக் கத்தினாள். அந்தப் பெண் முகம் மாறாமல், சரிக்கா என்றாள். மூன்றாம் நாள் கை கழுவும் தொட்டி முன்னால் கிளவுஸோடு எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியவில்லை. யாரோ, அக்கா தண்ணீர் வீணாகிறது என்றார்கள். இருந்தாலும் இன்னொரு நாள், இன்னும் ஒரே நாள் என்று தன்னை இழுத்துக்கொண்டு போனாள். பேச்சி நன்றாகத் தேறி வந்தாள். சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று டூட்டி டாக்டர் சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை, மதியம் ஒன்று இருபது. ஓவர் கொடுக்கிற நேரம் நெருங்கியிருந்தது. ஜெபக்கனி முப்பத்தொன்றாம் கட்டிலுக்குப் போய்த் தலையணையைச் சரி செய்து, தண்ணீர் பாட்டிலை எட்டும் தூரத்தில் வைத்தாள். பேச்சி அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"ரொம்ப நன்றி சிஸ்டர்," என்றாள்.

முதலில் கேலி செய்கிறாள் என்றுதான் ஜெபக்கனி நினைத்தாள். ஏட்டி, என்ன நக்கலா என்று கேட்டாள். பேச்சி அதே சிரிப்போடு, இல்லை சிஸ்டர், உங்களுக்குத்தான் ரொம்பச் சிரமம் என்றாள். கண்ணில் குறும்பு இல்லை. பக்கத்து வீட்டாரிடம் பேசுவது போல மரியாதையாக இருந்தது. விரல் கருவி தொண்ணூற்றாறு காட்டியது.

ஜெபக்கனிக்கு உறுத்தியது. மாதக்கணக்காகக் காணாமல் போயிருந்த சங்கதி திரும்பி வந்து நின்றது. ஓடிப் போய் டூட்டி டாக்டரைப் பிடித்தாள். அவர் வந்து பார்த்தார், கருவியைப் பார்த்தார், நெஞ்சில் வைத்துக் கேட்டார். எல்லாம் சரியாக இருக்கிறதே சிஸ்டர், அழுத்தக் காற்று மாஸ்க் வார்டில் மொத்தம் ஒன்பது, ஒன்பதும் ஆட்களிடம் இருக்கிறது, நன்றாக இருக்கிறவருக்கு எதைக் காட்டிக் கழற்றி மாட்டுவது என்றார். என்னை சிஸ்டர்னு கூப்பிடுகிறாள் டாக்டர் என்றாள் ஜெபக்கனி. அவர் புரியாமல் அவளைப் பார்த்தார். எல்லாரும் உங்களை அப்படித்தானே கூப்பிடுகிறோம் என்றார்.

அங்கேயே இருந்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கவச உடையின் காற்றுப்பெட்டி ஆறரை மணி நேரம்தான் ஓடும். ஒருத்திக்கு ஒரு நாளைக்கு ஓர் உடைதான். அவளுடைய பெட்டி அப்போதே கீச்சுக் கீச்சென்று எச்சரிக்க ஆரம்பித்திருந்தது. சபீனா டூட்டிக்கு வந்து நின்றாள். ஜெபக்கனி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி சபீனா, முப்பத்தொண்ணைக் கொஞ்சம் பாத்துக்கிடு."

சபீனா நல்ல பெண். அலட்சியம் என்பது அவளுடைய பரம்பரையிலேயே கிடையாது. டேப்பை எடுத்தாள், முப்பத்தொன்றைத் திறந்தாள், நிமிர்ந்து பார்த்தாள்.

"கொஞ்சம்னா எத்தனை நிமிசத்துக்கு ஒருக்கக்கா?"

எத்தனை நிமிடம் என்று ஜெபக்கனிக்கே தெரியாது. என்னவென்று சொல்வாள்? அந்த வார்த்தையைக் கேட்டதும் ஓடுகிற ஏதோ ஒன்று அந்தப் பிள்ளைக்குள் இருந்தது. இருபத்திரண்டாம் கட்டிலின் காலைப் பார்த்தது அதுதான். அதை நித்தம் இரண்டு துளியாக எடுத்தாகிவிட்டது. காற்றுப்பெட்டி விடாமல் கீச்சிட்டது. கால் மணிக்கு ஒரு தடவை பார் என்றாள். அறுபத்திரண்டு கட்டிலுக்கு மூன்று பேர், கால் மணிக்கு ஒரு தடவை முடியாதேக்கா, அரை மணிக்கு ஒரு தடவை கட்டாயம் பார்க்கிறேன் என்றாள் சபீனா. சொன்னபடியே படிவத்தில் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஜெபக்கனி வந்தபோது முப்பத்தொன்றாம் கட்டிலில் வேறு யாரோ இருந்தார்கள். படிவத்தை எடுத்துப் பார்த்தாள். இரண்டு மணி, தொண்ணூற்றாறு. இரண்டரை, தொண்ணூற்றாறு. மூன்று மணி, தொண்ணூற்றைந்து, நோயாளி நன்றி சொன்னார். மூன்று பதினெட்டு, கருவி அலறியது. மூன்று இருபது, ஆள் வந்தது. நாலு மணி ஐந்து நிமிடம். அதற்குப் பிறகு காலியாக இருந்தது. 'கொஞ்சம் பார்த்துக்கொள்ளவும்' கட்டத்தில் ஆம் என்று இருந்தது. ஒரு நிமிடம்கூடத் தப்பு இல்லை. யார் மேல் கோபப்படுவது என்று தேடித் தேடிப் பார்த்தாள், ஒருத்தரும் கிடைக்கவில்லை.

நோயாளி நன்றி சொன்னார் என்ற வரியை மட்டும் மறுபடி மறுபடி வாசித்தாள். பாவி மகள், மூன்று மணிக்கும் சொல்லியிருக்கிறாள்.

அன்றைக்கு ஷிப்ட் முழுக்க வேலை செய்தாள். யாருக்கும் குறை வைக்கவில்லை. மதியம் வெளியே வந்து உடையைக் கழற்றினாள். வலது கிளவுஸைக் கழற்றினாள். இடது கிளவுஸ் கழலவில்லை. இழுத்தால் வரும், அவளுக்கும் தெரியும். இழுக்க மனம் வரவில்லை. நேற்றுத் தலையணையைச் சரி செய்த கை அது. சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். யாரோ போய்ச் சொல்லி டாக்டர் வேலாயுதம் ஓடி வந்தார். கிளவுஸைப் பார்த்ததுமே அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"எத்தனை நாளா போடல சிஸ்டர்?"

"அஞ்சு நாளா."

அவர் திட்டவில்லை. பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். துளி போடாதவரை உள்ளே விட எனக்கு அதிகாரம் இல்லை, உங்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் இந்த வார்டை நாளைக்கு யாரை வைத்துத் திறப்பது என்று தெரியவில்லை என்றார். பிறகு, அனுப்பவும் பயமாக இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். ஜெபக்கனி தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது மடியில் மலர்ந்து கிடந்தது. ரெக்ஸ்லின் வீட்டில் பார்த்த அதே கோலம். அவளுக்குப் பயம் வந்தது. தான் அப்படி ஆகிவிட்டால் பேச்சியின் மகளுக்கு யார் சொல்லுவார்கள் என்று நினைத்தாள்.

எழுந்து அந்தச் சின்ன அறைக்குப் போனாள்.

"இன்றைக்கு என்ன நடந்தது, சொல்லுங்கள்," என்றது குரல்.

நடந்ததைச் சொன்னாள். பேச்சி வந்து படுத்ததைச் சொன்னாள். கஞ்சியா கழுநீரா என்று கேட்டதைச் சொன்னாள். படிவத்தில் இருந்த நேரங்களை ஒன்றுவிடாமல் சொன்னாள். கிளவுஸைச் சொன்னாள். ஹாஸ்டல் அறையில் ஒரே போர்வைக்குள் படுத்துக்கொண்டு படித்ததைக்கூடச் சொன்னாள். ஆனால் 'சிஸ்டர்' என்று கூப்பிட்டதை மட்டும் சொல்லவில்லை. அந்த ஒன்று தன்னிடம் இருக்கட்டும் என்று நினைத்தாள். அந்த வலி உள்ளே கிடந்தால், நாளைக்கு இன்னொரு கட்டிலில் யாராவது வழக்கத்தை விட்டுவிட்டு மரியாதையாகப் பேச ஆரம்பிக்கும்போது உறுத்தும். ஓர் ஆளுக்காவது புள்ளி வைக்கலாம். பேச்சி செத்ததற்கு அது ஒன்றாவது மிச்சமாக இருக்கட்டும்.

"வேறு ஏதாவது உண்டா?" என்று குரல் கேட்டது.

"இல்லை," என்றாள் ஜெபக்கனி.

குழலை வைத்து அழுத்தி, இந்தத் தடவை மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. இருபது நிமிடம் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். பதினைந்தாவது நிமிடத்தில் இடது கிளவுஸைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். லேசாக இருமினாள். உப்புச் சுவரின் காரம் தொண்டையில் பட்டிருக்கும். பேச்சியின் மகளுக்குச் சாயங்காலம் போன் பண்ண வேண்டும் என்று ஞாபகம் வந்தது. சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டாள், எல்லாம் தெளிவாக இருந்தது.

கதவு திறந்தது. அன்றைக்கு மூன்று மணி டூட்டிக்கு வந்த சபீனா டம்ளரில் சுக்குக் காப்பி கொண்டு வந்திருந்தாள். டாக்டர் கொடுக்கச் சொன்னாராம். ஆறிவிடும் முன் குடியுங்கக்கா என்று மேசையில் வைத்தாள்.

ஜெபக்கனி நிமிர்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"ரொம்ப நன்றி சிஸ்டர்," என்றாள்.

அவளுக்கு ஒன்றும் உறுத்தவில்லை. சபீனாவும் பதிலுக்குச் சிரித்தாள். டூட்டி தொடங்க ஐந்து நிமிடம்தான் இருந்தது. கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வார்டுக்குப் போய்விட்டாள்.